நவம்பர் மழையோடு வடக்கே போகும் துரு

நவம்பரில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால், அது எங்கே கரையைக் கடக்கும், நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்பதுதான் தமிழ்நாட்டில் எல்லார் பேச்சும். கோதுமை நோய் ஆராய்ச்சியாளர்களின் கவலை வேறு. கரையேறிய பிறகு அது எந்தப் பக்கம் திரும்பும்? மத்திய இந்தியாவை நோக்கி நகர்ந்து அங்கே மழையாகக் கொட்டினால், நீலகிரி, பழனி மலைகளில் இருந்து கிளம்பிய கருந்துரு நோயின் வித்துகளும் அந்த மழையோடு இறங்கக்கூடும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம் அது. அங்கே அப்போதுதான் கோதுமை முளைவிட்டிருக்கும்.

கருந்துரு ஒரு பூஞ்சை. தண்டிலும் இலையிலும் நீளவாக்கில் கொப்புளம் எழும். மேல்தோல் கிழிந்து செங்கல் நிறத்தில் தூள் கொட்டும். நோய் முற்றிய வயலுக்குள் நடந்துவந்தால் முழங்கால்வரை துணி சிவந்துவிடும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் முப்பது வித்துகளை வரிசையாக அடுக்கலாம். ஈரமான இலைமேல் விழுந்த வித்து சில மணி நேரத்தில் ஓர் இழையை நீட்டும். அந்த இழை இலையின் மேடுபள்ளங்களைத் தடவிக்கொண்டே போய், இலைத்துளையைக் கண்டதும் அதன்மேல் படிந்து உள்ளே நுழையும். ஒன்றிரண்டு வாரத்தில் புதுக் கொப்புளம். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் புது வித்துகள். பருவம் முடிவதற்குள் வயலே சாய்ந்துவிடுவது இந்தப் பெருக்கத்தால்தான்.

வித்து என்றாலே எதையும் தாங்கும் என்று நினைக்கிறோம். சில வித்துகள் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஸ்காட்லாந்தை ஒட்டிய குரூனார்டு தீவில் பிரிட்டன் ஆந்த்ராக்ஸ் குண்டைச் சோதித்தது. அந்தப் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு கிடந்தன. 1986இல் ஃபார்மால்டிஹைடு கலந்த கடல்நீரைத் தீவின்மேல் தெளித்தார்கள். 1990இல்தான் ஆபத்து நீங்கியதாக அறிவித்தார்கள். கோதுமைத் துருவின் சிவப்பு வித்துக்கு அந்த வலு கிடையாது. வட இந்தியச் சமவெளியின் மே மாத வெயிலில் அது செத்துப்போகும். அறுவடையான வயலில் அது ஒட்டிக்கொள்ளப் பச்சை இலையும் இருக்காது. அப்படியிருந்தும் அடுத்த குளிர்காலத்தில் துரு திரும்பி வந்துவிடுகிறது. எங்கிருந்து வருகிறது?

ஆக்ராவில் தாவரவியல் பேராசிரியராக இருந்த கரம் சந்த் மேத்தா தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தார். மேலைநாடுகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. அங்கே துரு, பார்பெர்ரி என்ற முட்புதரில் ஒரு பருவத்தைக் கழித்துவிட்டுக் கோதுமைக்கு வரும். புதரை வெட்டினால் நோய் குறையும். இந்திய மலைகளிலும் பார்பெர்ரி உண்டு என்பதால் அதே விடையை இங்கேயும் பொருத்திப் பார்ப்பது எளிது. மேத்தா அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மலை மலையாகப் பார்த்து, கண்ணாடிச் சில்லுகளை வெளியில் வைத்துக் காற்றில் வரும் வித்துகளைப் பிடித்து, 1929இலும் 1940இலும் தன் முடிவுகளை வெளியிட்டார்: இங்கே பார்பெர்ரிக்குப் பங்கில்லை. குளிர்ந்த மலைகளில் கோடையிலும் பச்சையாக நிற்கும் கோதுமையிலும், தானாக முளைத்த பயிரிலும் துரு உயிர் பிடித்திருக்கிறது. அங்கிருந்து காற்றில் இறங்கிவருகிறது. என் பார்வையில் இந்திய வேளாண் அறிவியலின் மிக அழகான துப்பறிதல் இதுதான். தமிழ்நாட்டு மலைகளுக்கு இதில் இவ்வளவு பங்கிருந்தும் நம் பாடப்புத்தகங்களில் மேத்தாவின் பெயர் அதிகம் அடிபடாதது எனக்கு வருத்தம்.

கண்ணாடிச் சில்லில் வித்தைப் பிடிப்பது இன்னும் பழைய உத்தி. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு பரவியது. தமிழகத்தில் இருந்து போன தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்த தோட்டங்கள் அவை. 1880இல் அங்கே அனுப்பப்பட்ட தாவரவியலாளர் மார்ஷல் வார்டு, கிளிசரின் தடவிய கண்ணாடிகளை வைத்து, வித்து காற்றில்தான் வருகிறது என்று காட்டினார். அதற்குள் காலம் கடந்திருந்தது. காப்பி போய்த் தேயிலை வந்தது.

மலையில் பிழைத்திருக்கும் வித்து, நடுவில் இத்தனை தூரத்தை எப்படிக் கடக்கிறது? 1946-47இல் மத்திய இந்தியாவின் கோதுமையைக் கருந்துரு அழித்தபோதும் இது முழுதாகத் துலங்கவில்லை. 1970களில் எஸ். நாகராஜனும் உடன் ஆய்வாளர்களும் செயற்கைக்கோள் மேகப் படங்களையும் மழைநீர் மாதிரிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். மலையில் எழும் வித்துகளைப் புயலின் காற்றோட்டம் உயரத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. மழை அவற்றைக் கழுவி இளம்பயிர்மேல் இறக்குகிறது. காற்று மட்டும் போதாது, மழையும் வேண்டும். வந்து சேர்ந்த நாள் தெரிந்தால், வயலில் நோயை எப்போது தேடத் தொடங்குவது என்று முன்கூட்டியே சொல்லலாம்.

மலையில் கோடைக் கோதுமையை நிறுத்தி வைக்கலாம் என்பது மேத்தா சொன்ன வழி. நிலைத்து நின்ற வழி வேறு: துருவைத் தாங்கும் ரகங்கள். அதற்கும் ஓய்வில்லை. 1998இல் உகாண்டாவில் தென்பட்ட யூஜி99 என்ற புது வகைக் கருந்துரு, அதுவரை உலகம் நம்பியிருந்த ஒரு எதிர்ப்பு மரபணுவை முறியடித்தது; 2006இல் ஏமனிலும் 2007இல் ஈரானிலும் இருந்தது.

இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் ஒன்று குன்னூருக்குப் பக்கத்தில், வெலிங்டனில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் துரு ஓயாத இடம் என்பதாலேயே அங்கே கோதுமை விதைக்கிறார்கள். புது வரிசைகளை அந்தச் சிவப்புத் தூளுக்கு நடுவில் நட்டுவிட்டு, எந்த வரிசை பச்சையாக நிற்கிறது என்று பார்க்கிறார்கள்.