திரையிலே திருமறை: தோட்டத்து வகுப்பும் கணினியும்



ஹற்றனையோ நுவரெலியாவையோ அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஞாயிறு காலை கூடும் வேதபாட வகுப்பொன்றை மனக்கண்ணிற் காணுங்கள். வாரமெல்லாம் கொழுந்து பறித்த தாய்மார் ஒருபுறம். பாடசாலை செல்லும் பிள்ளைகள் மறுபுறம். பலர் கையிற் புத்தகமில்லை. முதியோர் சிலருக்கு எழுத்தும் தெரியாது. இவ்வகுப்பிற்கு ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வந்து சேர்ந்தால் விளையும் பயன் யாது? அவற்றை எவ்வாறு கையாளல் வேண்டும்? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

கண்ணாற் கண்டு கற்பது புதிய முறையன்று. கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர், படங்களைக் கொண்டு பாடம் புகட்டும் நூலொன்றை 1658ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். நமது மலைநாட்டிலோ, காப்பிப் பயிர் செழித்திருந்த காலத்தில், 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பெற்றது. அதன் உபதேசிமார் தோட்டந்தோறும் சென்று வாய்மொழியாகவே கற்பித்தனர். அன்று குரல் ஒன்றே கருவி. இன்று அக்குரலுக்குத் துணையாகத் திரை வந்திருக்கின்றது.

வேத ஆராய்ச்சிக்கென அமைந்த மென்பொருள்கள் பல உள. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'இ-ஸ்வோர்ட்' அவற்றுள் ஒன்று. இதனை விலையின்றிப் பெறலாம். வேண்டிய பதிப்புகளை ஒருமுறை இறக்கிவைத்துக் கொண்டால், பின்னர் இணையத் தொடர்பு வேண்டியதில்லை. மலைமடிப்பில் அலைவரிசை எட்டாத தோட்டங்களுக்கு இது பெரும் வாய்ப்பு.

இத்தகைய மென்பொருள் செய்யும் முதற்பணி, ஒரே வசனத்தை இரண்டு மூன்று மொழிகளில் அருகருகே காட்டுவது. இரண்டாவது, ஒரு சொல் வருமிடங்களையெல்லாம் நொடியிலே திரட்டித் தருவது. மூன்றாவது, மூலமொழிச் சொல்லை அடையாளங் காட்டுவது. ஜேம்ஸ் ஸ்ட்ரோங் என்பவர் 1890இல் வெளியிட்ட சொல்லடைவில் எபிரேயச் சொற்களுக்கு 8,674 வரையும், கிரேக்கச் சொற்களுக்கு 5,624 வரையும் எண்கள் இட்டார். அவ்வெண்கள் பொருந்திய ஆங்கிலப் பதிப்பைத் தமிழுக்கு அருகே திறந்தால், கிரேக்கம் அறியாத ஆசிரியரும் மூலச்சொல்லைத் தேடிக் காணலாம்.

ஓர் உதாரணம் கூறுவேன். மத்தேயு 20ஆம் அதிகாரத்திலே, திராட்சத்தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் எசமானின் கதை வருகின்றது. கூலி, நாளொன்றுக்கு ஒரு பணம். 'பணம்' என்றதும் பிள்ளைகள் பொதுவாகக் காசு என்றே கொள்வர். ஆசிரியர் 1220 என்னும் எண்ணைத் தொட்டுக் காட்டட்டும். அது தெனாரியன் என்னும் வெள்ளி நாணயம் என்பது தெரியவரும். அதே எண்ணைத் தேடினால், புதிய ஏற்பாட்டில் அச்சொல் வரும் 16 இடங்களும் திரையில் வரிசையாக நிற்கும். நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்தது இரண்டு. எனவே இரண்டு நாட்கூலி. மக்கள் கூட்டத்துக்கு அப்பம் வாங்கச் சீடர் கணக்கிட்டது இருநூறு நாட்கூலி. மரியாள் வார்த்த பரிமள தைலமோ முந்நூறு. ஓய்வுநாட்கள் நீங்கலாக ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு!

இக்கணக்கு நகரத்து வகுப்பில் ஒரு செய்தி. தோட்டத்திலோ அது வாழ்க்கை. முழுப் பேருக்கும் அரைப் பேருக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத வீடு லயத்திலே உண்டோ? மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுப் பேர் போட்ட எசமானைப் பற்றி, பெரட்டுக் களத்தில் நின்று பழகிய பாட்டி ஒருவர் சொல்லக்கூடியதை எந்த அகராதியும் சொல்லாது. திரை அந்தப் பேச்சுக்கு வாயில் திறந்துவிட வேண்டும், அதனை அடைத்துவிடலாகாது.

ஆகவே ஆசிரியர்கள் சிலவற்றை நினைவிற் கொள்ளல் நன்று. காட்டவேண்டிய வசனங்களை முதல்நாளே தெரிந்து குறித்து வையுங்கள். கூட்டத்தின் முன்னே தேடித் தடுமாறினால் கவனம் சிதறும். எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு வேளைக்கு இரண்டு மூன்று வசனங்களே தெரியச் செய்யுங்கள். திரையிலுள்ளதை உரக்க வாசியுங்கள். எழுத்தறியாதவர் ஒருவரேனும் இருந்தால், வாசியாத திரை அவருக்கு மூடிய கதவாகும். கலந்துரையாடும் வேளையில் திரையை மறைத்துவிடுங்கள். அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவர். மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படலாம். ஆதலால் பாடத்தின் சுருக்கம் ஒரு தாளிலும் இருக்கட்டும்.

இன்னொன்று. மூலச்சொல்லின் பொருளை அகராதி தந்தவுடன், இதுவே முடிந்த முடிபு எனக் கூறிவிடலாகாது. ஒரு சொல் தானிருக்கும் வாக்கியத்திலேயே பொருள் கொள்ளும். எண்ணைக் காட்டியவர் வாக்கியத்தையும் முழுதாக வாசித்துக் காட்டுதல் கடன்.

புரொஜெக்டர் இல்லாத தோட்டங்களும் உண்டு. அங்கே ஆசிரியர் வீட்டிலிருந்தே கணினியிலோ கைபேசியிலோ தேடி, கண்டதைக் கரும்பலகையில் எழுதலாம். பதினாறு இடங்களை வெண்கட்டியால் எழுதினாலும் அவை பதினாறுதான். கருவி வேறுபடலாம், கூடையை இறக்கிவைத்து வந்து அமர்ந்தவர் ஏதேனும் புதிதாய் அறிந்து வீடு திரும்பினாரா என்பதே வகுப்பின் அளவுகோல்.