ஏரியல் கம்பியில் தேங்கும் மின்சாரம்

அது ஒரு கோடைக்கால மாலை. மேற்கே வெகுதொலைவில் இடி முழங்கிற்று. தலைக்கு மேலே வானம் தெளிவாகவே இருந்தது; புழுதிக் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. அமெச்சூர் வானொலியில் ஈடுபட்டவர்கள் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். ஏரியலிலிருந்து இறங்கிவரும் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றி, அதன் முனையை மேசைமீது வைத்தேன். தக்க எச்சரிக்கையுடன் நடந்துகொண்டதாகவே எண்ணினேன். சற்று நேரம் சென்று அம்முனையைக் கையில் எடுத்தபோது, ‘சடக்’ என்ற ஒலியுடன் ஒரு நீலப் பொறி என் விரலைத் தாக்கிற்று. கருவியைக் காத்தேன், என்னைக் காத்துக்கொள்ள மறந்தேன். அந்தப் பொறி கற்பித்த பாடத்தையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

மின்னல் விழாதபோது அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? நிர்மலமான நாளிலும் தரையையொட்டிய காற்றில் ஒவ்வொரு மீட்டர் உயரத்திற்கும் சுமார் 100 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டு. இடிமேகம் சூழும்போது இது மீட்டருக்குப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்கிறது. அன்றியும், காற்றில் பறக்கும் தூசியும் விழும் மழைத்துளியும் மின்னூட்டம் பெற்றவை. அவை ஏரியலைத் தொடும்போது அதைக் கம்பியிடம் ஒப்படைத்துவிடுகின்றன. ஏரியலோ பீங்கான் காப்புகளின் நடுவே தொங்குகிறது. வந்த மின்னூட்டம் வெளியேற வழி இல்லை, ஆகவே தேங்குகிறது.

அது தேங்குவதற்கு ஏற்ற பாத்திரமாகவும் நம் கேபிள் அமைந்துவிடுகிறது. கோஆக்ஸியல் கேபிளில் நடுக்கம்பி ஒன்று. அதைச் சூழ்ந்து காப்புப் பொருள். அதற்கு வெளியே பின்னிய செம்புறை. இஃது ஒரு கண்டென்சரே அன்றோ? சாதாரணக் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கொள்திறன் உண்டு. 30 மீட்டர் கேபிளில் 3,000 பிக்கோஃபாரட் ஆயிற்று. அது 3,000 வோல்ட்டுக்கு ஏறினால் 0.0135 ஜூல் ஆற்றல் அதில் அடங்கும். மனிதனுக்கு அது ஒரு சுருக்கென்ற அதிர்ச்சி. ரிசீவரின் வாயிலில் உள்ள டிரான்சிஸ்டருக்கோ அதுவே யமன். வறண்ட காற்று வீசும் நாளில் ரிசீவரில் ஒழுங்கான இடைவெளி விட்டு ‘டிக், டிக்’ என ஓசை கேட்டால், மின்னூட்டம் நிரம்பி, எங்கோ ஓர் இடுக்கில் பொறியாகத் தாவி, மீண்டும் நிரம்புகிறது என்று ஐயுறலாம்.

இந்த உண்மையை வானொலி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இருவர் கண்டனர். 1752-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் வீட்டின்மீது ஓர் இரும்புக் கோலை நிறுத்தி, அதன் கம்பியை வீட்டினுள் கொணர்ந்து, நடுவே துண்டித்து, இரு முனைகளிலும் இரு சிறு மணிகளைக் கட்டினார். மின்னூட்டம் கொண்ட மேகம் வந்தால், இடையில் தொங்கிய பித்தளைக் குண்டு ஆடி மணிகளை ஒலிக்கும். பின்னர் லண்டனிலிருந்த அவர், மணியோசை அச்சமூட்டினால் இரு மணிகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிடும்படி 1758-இல் தம் மனைவிக்கு எழுதினார். இணைத்துவிட்டால் மின்சாரம் ஓசையின்றித் தரைக்குச் சென்றுவிடும்.

மற்றவர் பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞானி ரிக்மன். மின்னூட்டத்தை அளக்கவேண்டித் தரையோடு இணைக்காத ஒரு கோலிலிருந்து கம்பியைத் தம் அறைக்குக் கொணர்ந்திருந்தார். 1753-ஆம் ஆண்டில் ஒரு நாள், இடி முழக்கத்தினிடையே அளவுகருவியை உற்றுநோக்கக் குனிந்தபோது அவர் நெற்றியில் மின்சாரம் பாய்ந்தது. அங்கேயே உயிர் துறந்தார். மேசைமேல் நான் கழற்றி வைத்த கம்பிமுனை, ரிக்மனின் கம்பிக்கு உடன்பிறப்பு என்பதைப் பிறகே உணர்ந்தேன்.

பரிகாரம் எளிது. நடுக்கம்பிக்கும் தரையிணைப்புக்கும் இடையே 1,00,000 ஓம் கார்பன் ரெஸிஸ்டர் ஒன்றை நிலையாக இணைத்துவிட வேண்டும். மேற்கூறிய கேபிளின் மின்னூட்டம் அதன் வழியே ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் வடிந்துவிடும். நமது ஒலிபரப்பு ஆற்றல் வீணாகாதா எனில், 50 ஓம் கேபிளில் 100 வாட் அனுப்பும்போது ஏறத்தாழ 71 வோல்ட்தான் நிலவுகிறது. ரெஸிஸ்டர் உண்பது 0.05 வாட் மட்டுமே. ஒரே ரெஸிஸ்டருக்குப் பதிலாகச் சிலவற்றை வரிசையாக இணைத்தால், உயரழுத்தத்தில் அவற்றின்மேல் பொறி தாவாது. 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசுவோர், சுமார் மூன்றரை மீட்டர் கேபிளின் கடைசி முனையில் நடுக்கம்பியையும் உறையையும் ஒன்றாக்கிப் பக்கக் கிளையாக இணைக்கலாம். அந்தக் கால்அலை நீளம் வானொலி அலைக்கு மூடிய கதவு. தேங்கும் மின்சாரத்திற்குத் திறந்த வழி. இரட்டைக் கம்பி ஊட்டுவழியாயின், ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி ரெஸிஸ்டர் வேண்டும். அங்கே மின்னழுத்தம் மிகுதியாகலாம். ஆதலால் இன்னும் உயர்ந்த ஓம் மதிப்பே உகந்தது.

வாயு நிரம்பிய காப்புக்குழல் இருக்கிறதே, அது போதாதா என்பர் சிலர். அது ஏரியின் கலிங்கு போன்றது. குறித்த மட்டத்தைத் தாண்டினால்தான் வழியும். ரெஸிஸ்டரோ சிறிது திறந்துவைத்த மதகு. நீரைத் தேங்கவே விடாது. இரண்டும் வேண்டும். இரண்டையும் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், வெளியிலேயே அமைத்து, அத்தரையிணைப்பை வீட்டு மின்சாரத்தின் தரையிணைப்போடு ஒன்றாகப் பிணைத்திடுக. அதிர்ச்சியால் ரெஸிஸ்டர் கருகியிருக்கலாம். ஆகவே தெளிந்த வானுள்ள நாளில் அவ்வப்போது மீட்டரால் சோதித்துக்கொள்க.

ஆனால் ஒன்றை மறவாதீர். இவை தேங்கும் மின்சாரத்திற்கான வடிகாலேயன்றி, நேராக விழும் மின்னலைத் தடுக்கும் அரண் அல்ல. இடி வருமுன்னரே கம்பியைக் கழற்றி, கழற்றிய முனையை வீட்டுக்கு வெளியே தரையோடு இணைத்துவிடுங்கள். இடியோசை கேட்கத் தொடங்கியபின் கம்பியை அணுகவே வேண்டாம். கழற்றுவது பாதி வேலை; தரையில் சேர்ப்பதே மறு பாதி.