சாகாவரம் என்னும் சுமை

முதற்கோணல் முற்றும் கோணல் என்பர் நம் முன்னோர். திரைப்பட உலகில் இது பெரும்பாலும் பலித்துவிடுகிறது. முதற்படம் சோபிக்கவில்லையெனில் அதன் தொடர்ச்சி அதனினும் தாழ்ந்தே வருவது வழக்கம். இவ்வழக்கத்துக்கு விலக்காக 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது 'தி வுல்வரின்' என்னும் ஆங்கிலப் படம். அதீத ஆற்றல் படைத்த வீரர்களின் கதை என்றதுமே முகஞ்சுளிக்கும் பெற்றோரும் இதனைச் சற்றுப் பொறுமையோடு பார்க்கலாம்.

கதாநாயகனின் பெயர் லோகன். வுல்வரின் என்பது பட்டப்பெயர்; வடபுலத்துப் பனிக்காடுகளில் வாழும் மூர்க்கமான சிறு விலங்கொன்றின் பெயர் அது. எத்தகைய காயமும் அவன் உடலில் விரைவில் ஆறிவிடும். முதுமை அவனை எளிதில் அணுகாது. அவனுடைய எலும்புகளை முறியாத உலோகம் பொதிந்திருக்கிறது. 1974-இல் அமெரிக்கச் சித்திரக்கதை ஏடுகளில் தோன்றிய இப்பாத்திரத்தை 2000-ஆம் ஆண்டு முதல் திரையில் ஏற்று நடித்தவர் ஆஸ்திரேலிய நடிகர் ஹியூ ஜாக்மன்.

அவனுடைய பூர்வகதையைச் சொல்வதாக 2009-இல் வந்தது 'எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்'. 'சோட்சி' என்ற படத்தின் மூலம் தென்னாப்பிரிக்காவுக்கு ஆஸ்கர் பரிசு பெற்றுத்தந்த கேவின் ஹூட் அதனை இயக்கினார். ஏறத்தாழ 15 கோடி டாலர் செலவிட்டனர். இத்தனை இருந்தும் படம் சப்பென்று போயிற்று. உள்நாட்டுப் போர் முதல் வியட்நாம் போர் வரை லோகனும் அவன் தமையனும் போரிட்டுக்கொண்டே வரும் தொடக்கக் காட்சிகள் அருமையானவை. சில நிமிடங்களில் அவை முடிந்துவிடுகின்றன. படத்தின் உயிரும் அங்கேயே முடிந்துவிடுகிறது. பிறகு ஒருவர்பின் ஒருவராகப் புதுப்புதுப் பாத்திரங்கள், வெடிகள், ஓட்டங்கள்! அடிபட்டாலும் சாகாதவன், தன்னைப்போலவே சாகாத மற்றொருவனோடு மோதும்போது நாம் எதற்காக நெஞ்சு படபடக்க வேண்டும்? போதாக்குறைக்கு, இறுதியில் ஒரு தோட்டா அவன் நினைவையெல்லாம் அழித்துவிடுகிறது. இரண்டு மணிநேரம் நாம் கண்டது அவனுக்கே நினைவில்லை. நாம் மட்டும் நினைவில் வைத்து என்ன பயன்?

இரண்டாம் படத்தை இயக்கிய ஜேம்ஸ் மேங்கோல்ட் இக்குறையைச் சரியாகவே உணர்ந்திருக்கிறார். கிறிஸ் கிளேர்மான்ட்டும் பிராங்க் மில்லரும் 1982-இல் படைத்த, ஜப்பானில் நிகழும் சித்திரக்கதையை அவர் அடிப்படையாகக் கொண்டார். படம் நாகசாகியில் தொடங்குகிறது. நாள் 1945 ஆகஸ்ட் 9. போர்க்கைதியான லோகன், யாஷிடா என்ற இளம் ஜப்பானியச் சிப்பாயைத் தான் அடைபட்டிருந்த குழிக்குள் இழுத்து, தன் உடலாலேயே மறைத்து, அணுகுண்டின் தீயினின்று காப்பாற்றுகிறான். (அந்நகரின் உராகாமிப் பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர் அன்று மாண்டனர். படம் அவர்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எனினும் அக்காட்சியைக் காணும் நமக்கு அவர்கள் நினைவுக்கு வராமல் இரார்.)

பல்லாண்டுகள் கழிகின்றன. தான் நேசித்த ஜீன் என்ற பெண்ணைத் தன் கையாலேயே கொல்ல நேர்ந்த துயரத்தோடு, லோகன் கனடாவின் காட்டில் தாடியும் மீசையுமாய்த் திரிகிறான். இரவுதோறும் அவள் கனவில் வந்து தன்னிடம் வந்துவிடுமாறு அழைக்கிறாள். அவனோ சாக இயலாதவன். இந்நிலையில், பெருஞ்செல்வராகி இப்போது மரணப்படுக்கையில் கிடக்கும் யாஷிடாவிடமிருந்து அழைப்பு வருகிறது. டோக்கியோ சென்றவனிடம் முதியவர் சொல்வது விந்தையான செய்தி: உன் சாகாமையை உன்னிடமிருந்து நீக்கித் தருகிறேன், அதுவே நான் உனக்குச் செய்யும் கைம்மாறு!

லோகன் மறுக்கிறான். ஆயினும் சூழ்ச்சியால் அவன் ஆற்றல் ஒடுக்கப்படுகிறது. முதியவரின் இறுதிச் சடங்கில் அவர் பேத்தி மாரிகோவைக் கடத்த வந்தவர்கள் சுடுகிறார்கள். குண்டு பட்ட இடம் ஆறவில்லை. தன் குருதியைத் தானே வியப்போடு பார்க்கிறான் லோகன். படம் மேலெழுவது இவ்விடத்தில்தான். இதன்பின் விழும் ஒவ்வோர் அடியும் நமக்கும் வலிக்கிறது. அதிவேக ரயிலின் கூரைமேல் நடக்கும் சண்டையை இயற்பியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்வாராக. அங்கும் அவன் விழுந்துவிடுவானோ என்ற அச்சம் உண்மையானது. தன் இதயத்தைப் பற்றியிருக்கும் கருவியைத் தானே மார்பைப் பிளந்து அகற்றும் காட்சியோ நம்மை மூச்சடக்கச் செய்கிறது.

இறந்ததாகக் கருதப்பட்ட யாஷிடா பின்னர் ஓர் உலோகக் கவசத்துள்ளிருந்து வெளிப்படுகிறார். அன்று குழிக்குள் உயிர்ப்பிச்சை பெற்றவர் இன்று காப்பாற்றியவனுடைய உயிராற்றலையே உறிஞ்சி என்றென்றும் வாழ விரும்புகிறார். சாக முடியாமல் தவிப்பவனையும் சாக மனமில்லாதவரையும் எதிரெதிரே நிறுத்திய இக்கற்பனை முதற்படத்தில் எள்ளளவும் காணப்படாதது. இத்தனை நல்ல கருவை ஒரு ராட்சத இயந்திரத்தோடு நடக்கும் வழக்கமான கைகலப்பில் கொண்டுபோய் முடித்திருப்பதுதான் குறை. ஆரவாரமற்ற முடிவொன்றை எழுதும் துணிவு அப்போது தயாரிப்பாளர்களுக்கு இல்லைபோலும். அதே இயக்குநர் 2017-இல் 'லோகன்' படத்தில் அத்துணிவைக் காட்டினார்.

நிற்க. நல்ல படத்துக்கு உடனே கூட்டம் கூடிவிட்டதா? அமெரிக்காவில் முதற்படம் ஏறத்தாழ 18 கோடி டாலர் ஈட்ட, இரண்டாவது ஏறத்தாழ 13 கோடியே ஈட்டியது. ஒருமுறை ஏமாந்தவர்கள் மறுமுறை எளிதில் வருவதில்லை. பிறநாட்டு ரசிகர்கள் கைகொடுத்ததால் உலகளவில் 41 கோடியைத் தாண்டி, முதற்படத்தின் 37 கோடியை அது முந்தியது.

வாட்போரும் குருதியும் மிகுந்திருப்பதால் சிறு குழந்தைகளுக்கு இப்படம் உகந்ததன்று. வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோரும் உடனமர்ந்து பார்க்கலாம். 2009-ஆம் ஆண்டுப் படத்தைப் பாராதவர்க்கும் கதை தெளிவாக விளங்கும். ஜீன் யார் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.