ஏரி நீரும் குழாய் நீரும்: ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்களை வீட்டில் வளர்த்தல்



தோட்டப்புறமாகவே நெடுங்காலம் அறியப்பட்ட பத்து காவான், 2014-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் பினாங்கின் இரண்டாம் பாலம் திறக்கப்பட்ட பிறகு வேறு முகம் கொண்டது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம் தீவிலுள்ள பத்து மாவுங்கை நம் கரையோடு இணைத்தது. தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடி வீடுகளும் வரிசை வீடுகளும் பெருகின. புது வீட்டின் முன்கூடத்தில் ஒரு மீன்தொட்டி வைக்கும் விருப்பமும் உடன் வளர்ந்தது. அத்தொட்டிகளில் மஞ்சளும் நீலமுமாகக் கண்ணைப் பறிப்பவை பெரும்பாலும் ஆப்பிரிக்க ஏரிகளைச் சேர்ந்த சிக்லிட் மீன்கள்.

வாங்கிய சில வாரங்களிலேயே அவை ஒன்றன்பின் ஒன்றாக மடிவதும் உண்டு. அப்போது, “எனக்கு மீன் வளர்க்கும் கைராசி இல்லை” என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவோர் பலர். கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. காரணம் நீரில் இருக்கிறது. மீனை வளர்க்க விரும்புகிறவர் முதலில் நீரை வளர்க்கக் கற்க வேண்டும் என்பதே இவ்வுரையின் சாரம்.

மீனின் பிறந்தகம்

சிக்லிட் என்பது ஒரு பெருங்குடும்பம். 1,700-க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டுள்ளன. இக்குடும்பம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கேரளம் 2010-இல் மாநில மீனாக அறிவித்த கரிமீன், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய சிக்லிட்டே. பினாங்கு வளர்ப்பாளர்கள் பேர்பெற்ற டிஸ்கஸ் மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்த சிக்லிட். ஆயினும் இக்குடும்பத்தின் மிகப் பெரும் பெருக்கம் நிகழ்ந்த இடங்கள் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா, விக்டோரியா ஆகிய மூன்று ஏரிகள்.

இவற்றுள் மலாவி ஏறக்குறைய 700 மீட்டர் ஆழமும் தங்கனீக்கா 1,470 மீட்டர் ஆழமும் உடையவை. நிலப்பிளவில் உருவான இவ்விரு ஏரிகளிலும் ஆற்றின் வழியே வெளியேறும் நீர் குறைவு. ஆவியாகிப் போகும் நீரே மிகுதி. நீர் ஆவியாகும்போது அதில் கரைந்த தாதுக்கள் ஏரியிலேயே தங்கிவிடுகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தொடரும் இச்செயலால் அந்நீர் காரத்தன்மை மிக்கதாயிற்று. மலாவியின் பி.எச். அளவு 7.7 முதல் 8.8 வரை இருக்கும். தங்கனீக்காவில் அது 9-ஐ நெருங்கும். தாதுக்களும் அங்கே இன்னும் மிகுதி. நாம் வாங்கும் மீன் பண்ணையில் பிறந்ததாக இருக்கலாம். அதன் உடல் அமைந்தது அந்த ஏரி நீருக்காகவே.

நம் குழாயில் வருவது

பினாங்கு மாநிலத்தின் குடிநீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, சுங்கை துவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. மழையால் பெருகும் ஆற்று நீர் இது. தாதுக்கள் குறைந்த மென்னீர். குடிப்பதற்கு இது நன்று. நம் நாட்டு ஆற்று மீன்களுக்கும் இது இயல்பானது. மலாவி மீனுக்கோ இது வேற்றூர்.

இங்கே மூன்று அளவுகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். முதலாவது பி.எச்.; நீர் அமிலத்தின் பக்கமா, காரத்தின் பக்கமா என்பதைக் காட்டுவது. 7 என்பது நடுநிலை. இரண்டாவது பொதுக்கடினம், நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவு. மூன்றாவது கார்பனேட் கடினம். இதைக் கார இருப்பு எனலாம். இது சேமிப்புக் கணக்கிலுள்ள பணத்தைப் போன்றது. தொட்டியில் நாள்தோறும் உண்டாகும் அமிலம் இந்த இருப்பிலிருந்தே செலவை எடுத்துக்கொள்கிறது. இருப்பு உள்ளவரை பி.எச். நிலையாக நிற்கும், தீர்ந்ததும் திடீரெனச் சரியும். மென்னீரில் தொடக்க இருப்பே குறைவு. முதல் வாரத்தில் நன்றாக இருந்த தொட்டி சில வாரங்களில் கெடுவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

தொட்டியும் அதன் உள்ளமைப்பும்

மலாவியின் பாறைவாழ் மீன்களை ம்புனா என்பர். அவை எல்லை வகுத்துச் சண்டையிடுபவை. எனவே தொட்டியின் உயரத்தைவிட நீளமே முக்கியம். 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 240 லிட்டர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 240 கிலோ. கண்ணாடி, கல், மணல், தாங்கி ஆகியவற்றையும் சேர்த்தால் 350 கிலோவைத் தாண்டும். அடுக்குமாடி வீட்டில் வசிப்போர் இதனைக் கூடத்தின் நடுவில் வைக்காமல், சுமைதாங்கும் சுவரையோ தூணையோ ஒட்டி வைத்தல் நலம். வெயில் நேரே விழும் இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

இவ்வளவு பெரிய தொட்டிக்கு இடமில்லாதவர் தங்கனீக்காவின் சங்குவாழ் சிக்லிட்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஐந்து சென்டிமீட்டர் அளவே உள்ள அம்மீன்கள் வெற்று நத்தை ஓடுகளையே வீடாகக் கொள்கின்றன. 60 லிட்டர் தொட்டியும் ஒரு கைப்பிடி நத்தை ஓடுகளும் மெல்லிய மணலும் ஒரு சிறு கூட்டத்திற்குப் போதும்.

பாறைகளை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் அமர்த்தி, அதன் பிறகே மணலைப் பரப்ப வேண்டும். சிக்லிட் மீன்கள் ஓயாமல் மணலைத் தோண்டுபவை. மணலின்மேல் அடுக்கிய கற்கள் சரிந்து மீனை நசுக்கும், கண்ணாடியையும் உடைக்கும். சுண்ணாம்புக் கல்லும் பவழத் தூளும் நீரின் காரத்தைத் தாங்க மெல்லத் துணைசெய்யும். ஒரு கல் சுண்ணாம்புத் தன்மை உடையதா என அறிய அதன்மேல் ஒரு துளி புளிக்காடி விட்டுப் பார்க்கலாம், நுரைத்தால் உடையது. பவழத்தைக் கடற்கரையிலிருந்து எடுக்காமல் கடையில் விற்கும் தூளையே வாங்க வேண்டும்.

வடிகட்டி, தொட்டியின் நீரை ஒரு மணி நேரத்தில் ஐந்து முதல் எட்டு முறை சுழற்ற வல்லதாக இருக்க வேண்டும். 240 லிட்டருக்கு மணிக்கு 1,200 முதல் 1,900 லிட்டர் வரை எனக் கொள்க.

நீரைப் பழக்குதல்

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் கல்லிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் பெருமளவில் சேர்ந்தாலன்றித் தீங்கு செய்யாது. நீரை மாற்றி அதைக் குறைக்கலாம். இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டியில் சிறிதளவு மீன் உணவை அழுக விட்டோ, நன்கு இயங்கும் வேறொரு தொட்டியின் பஞ்சைக் கொண்டுவந்தோ அவற்றை வளர்க்கலாம். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழி எனச் சோதனைக் கருவி காட்டிய பிறகே மீனை விட வேண்டும்.

சிக்லிட் வளர்ப்போர் இவ்விடத்தில் மற்றவரைவிடக் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அமோனியாவின் நச்சுத்தன்மை நீரின் காரத்தோடு சேர்ந்து உயர்கிறது. 28 பாகை வெப்பத்தில், பி.எச். 7 ஆக உள்ள நீரில், மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே கொடிய வடிவில் இருக்கும். பி.எச். 8.5 ஆனால் அது நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்காகிவிடுகிறது. மென்னீரில் தங்கமீனைக் கொல்லாத அமோனியா, கார நீரில் சிக்லிட்டைக் கொல்வது இதனால்தான்.

அந்த நுண்ணுயிர்கள் தம் பணிக்குக் காரத்தையே செலவிடுகின்றன. ஒரு மில்லிகிராம் அமோனிய நைட்ரஜனை மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரம் தீர்கிறது. ஆகவே கார இருப்பை நாம் மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த உப்புகள் கட்டாயமல்ல. சமையலறையில் உள்ள ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், போதும். 240 லிட்டர் நீரில் கார்பனேட் கடினத்தை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 7 கிராம் வேண்டும். பொதுக்கடினத்தை ஒரு பாகை உயர்த்த 11 கிராம் எப்சம் உப்பு வேண்டும். மலாவி மீன்களுக்குக் கார்பனேட் கடினம் 6 முதல் 8 பாகை வரை இருப்பது நன்று. ஆப்ப சோடாவுக்குப் பதிலாகப் பேக்கிங் பவுடரைப் போட்டுவிடக் கூடாது. அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். எதையும் ஒரே நாளில் உயர்த்தாமல், சில நாட்களில் சிறிது சிறிதாக உயர்த்துக.

துணையும் உணவும்

240 லிட்டர் தொட்டியில், முதன்முறை வளர்ப்பவர் மஞ்சள் லாபிடோகுரோமிஸ் போன்ற அமைதியான இனங்களில் இரண்டு அல்லது மூன்றைத் தெரிந்துகொண்டு, மொத்தம் பன்னிரண்டு முதல் பதினைந்து மீன்கள் வரை வைக்கலாம். ஓர் ஆணுக்கு மூன்று அல்லது நான்கு பெண் மீன்கள் இருக்க வேண்டும். இல்லையேல் ஆண், ஒரே பெண்ணை ஓயாது துரத்திக் கொன்றுவிடும். மலாவி மீனையும் தங்கனீக்கா மீனையும் ஒரே தொட்டியில் சேர்க்க வேண்டாம்.

ம்புனாக்கள் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பவை. அவற்றின் நீண்ட குடல் தாவர உணவுக்கு உரியது. ஸ்பிருலினா கலந்த உணவே அவற்றுக்கு ஏற்றது. மாட்டின் இதயம் போன்ற இறைச்சி உணவு வயிற்று வீக்கத்தை உண்டாக்கும். நாளைக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே இடுக. பசித்த மீன் பிழைக்கும். மிகுந்த உணவு நீரைக் கெடுக்கும்.

வாரந்தோறும் செய்யத்தக்கவை

வாரம் ஒருமுறை தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். புதுநீரில் குளோரின் இருக்கும். கடைக்காரர்கள் ‘ஆண்டி குளோரின்’ என்று தரும் மருந்தை இட்டு அதை நீக்கி, வேண்டிய சோடாவையும் உப்பையும் வாளியிலேயே கரைத்த பின்னரே தொட்டியில் ஊற்றுக. வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே மெல்லப் பிழிந்து கழுவ வேண்டும்.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட நூல்கள் நீரைச் சூடாக்கும் கருவியை வலியுறுத்தும். நமக்குத் தொல்லை வெப்பமே. இம்மீன்களுக்கு 24 முதல் 28 பாகை ஏற்றது. 25 பாகையில் ஒரு லிட்டர் நீர் 8.2 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகையில் 7.5 மட்டுமே. வெயில் கடுமையான நாட்களில் நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓட விட்டால் வெப்பம் சற்றுத் தணியும். மின்தடைக் காலத்திற்காக மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குழாய் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது அறிவுடைமை.

தொட்டிக்கு வெளியே உள்ள நீர்

நன்கு வளர்ந்த தொட்டியில் மீன்கள் பெருகும். மலாவிச் சிக்லிட்டின் தாய் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். ஏறக்குறைய மூன்று வாரம் உண்ணாமலே இருந்து குஞ்சுகளை வெளிவிடும். வியக்கத்தக்க இத்தாய்மையால் தொட்டி நிரம்பிவிடும்போது, சிலர் மிஞ்சிய மீன்களைக் கால்வாயில் விட்டுவிடுகின்றனர். இரக்கத்தால் செய்தாலும் இது தீங்கே.

நமக்கு இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. திலாப்பியாவும் ஓர் ஆப்பிரிக்கச் சிக்லிட்டே. மொசாம்பிக் திலாப்பியா 1930-களில் ஜாவாவில் காணப்பட்டு, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவிற்கு வந்தது. 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, தமிழகத்தில் சிலேபி, சிலேபிக் கெண்டை என்ற பெயர்களைப் பெற்றது. இன்று இவ்விரு நாட்டிலும் குளங்களிலும் ஆறுகளிலும் அதை அகற்ற இயலாது. விக்டோரியா ஏரியில் இதன் மறுபக்கம் நடந்தது. 1950-களில் அங்கே விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெருமீன், பின்னாளில் அந்த ஏரிக்கே உரிய சிக்லிட் இனங்களில் ஏறக்குறைய இருநூறு மறைந்துபோனதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. முதலில் சிக்லிட் வந்தேறியாயிற்று. அடுத்து சிக்லிட்டே வந்தேறிக்கு இரையாயிற்று. இரண்டிலும் மீனைக் கொண்டுவந்து விட்டது மனிதக் கை.

மலாவி மீன்களுள் பல நம் மென்னீரில் மடிந்துவிடக்கூடும். ஆனால் எது மடியும், எது பிழைத்துப் பெருகும் என்பதை முன்னரே சொல்ல இயலாது. அவை சுமக்கும் நோய்களோ மீன் மடிந்த பின்னும் நீரில் பரவும். பத்து காவானின் கால்வாய்கள் ஆற்றுக்கும் அலையாத்திக் காட்டுக்கும் செல்பவை. உயிருள்ள மீன்களை நாட்டிற்குள் கொண்டுவர 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் உரிமம் கோருகிறது. நாட்டின் எல்லையைச் சட்டம் காக்கலாம். வீட்டு வாசலில் உள்ள கால்வாயை நாமே காக்க வேண்டும்.

குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றாமல் விட்டால் பெரும்பாலானவற்றைப் பெரிய மீன்களே தின்றுவிடும். எண்ணிக்கை தானே கட்டுப்படும். எஞ்சியவற்றைக் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பாளரிடமோ கொடுக்கலாம். வாங்கும் முன்பே, “இவை பெருகினால் யாரிடம் கொடுப்பேன்?” என்று கேட்டு விடை கண்டவரே மீன் வளர்க்கத் தகுதி பெற்றவர். தொட்டிக்குள் உள்ள நீரையும் தொட்டிக்கு வெளியே உள்ள நீரையும் ஒரே கண்ணோடு காக்கும் வீடுகள் நம் ஊரில் பெருகுக.