சிறகு நம்முடையது, இன்ஜின் யாருடையது?

கோடியக்கரையிலிருந்து காங்கேசன்துறை அறுபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். திருகோணமலை, நேர்கோட்டில் அளந்தால் சுமார் 240 கிலோமீட்டர். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் அந்தத் துறைமுகத்தைத் தாக்கின. நான்கு நாள் முன்னால் கொழும்பு. இடையில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். சென்னையில் ஊரைக் காலி செய்துகொண்டு உள்நாட்டுக்கு ஓடினார்கள். இரண்டாம் உலகப் போர் என்றதும் நம் டெல்டாவில் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதை நினைவுக்கு வரும், அரிசித் தட்டுப்பாடு நினைவுக்கு வரும். வான்போர் இவ்வளவு அருகில் வந்து போனது அதிகம் பேசப்படவில்லை.

அன்று குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக வந்தது ‘ஸீரோ’. ஜிரோ ஹொரிகோஷி வடிவமைத்து 1940-இல் களமிறங்கிய ஜப்பானியப் போர் விமானம். அதன் ‘சகாயே’ இன்ஜினுக்கு ஆயிரம் குதிரைத்திறன்கூட இல்லை. அதற்கு ஈடுகட்ட ஹொரிகோஷி எடையைக் குறைத்தார். விமானிக்குக் கவசத் தகடு கிடையாது, தோட்டா பட்டால் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் தொட்டியும் கிடையாது. வளைந்து திரும்புவதில் அதை வெல்ல அன்று ஆளில்லை. ஆனால் போர் நீண்டபோது ஜப்பானால் அந்த இன்ஜினைப் பெரிதாக வளர்க்க முடியவில்லை. அமெரிக்கா 1943-இல் 2,000 குதிரைத்திறன் கொண்ட ‘ஹெல்கேட்’டைக் கொண்டுவந்து நிறுத்தியது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரும் அப்படித்தான்: 1939-இல் ஆயிரம் குதிரைத்திறன் சொச்சத்தில் இருந்தது, போர் முடிவதற்குள் இரண்டாயிரத்தைத் தாண்டியது. போர்க்காலத்தில் விமானம் வளர்கிறது என்றால் முதலில் வளர வேண்டியது இன்ஜின். நம் நாட்டுப் போர் விமானங்களின் வரலாற்றை இந்த ஒரு கண்ணால் பார்த்தாலே பாதிக்கு மேல் புரிந்துவிடும் என்பது என் கருத்து.

நாம் முதலில் கொடுத்தது பணம். தஞ்சை அடங்கிய அன்றைய சென்னை மாகாணத்தின் நன்கொடையை முன்னிட்டு பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264-ஆம் படைப்பிரிவுகள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கின. அதே நேரத்தில் வால்சந்த் ஹிராசந்த் என்ற தொழிலதிபர், மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு 1940 டிசம்பரில் பெங்களூரில் ‘இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்’ தொழிற்சாலையைத் தொடங்கினார். 1942-இல் அங்கே சில ‘கர்டிஸ் ஹாக்’ போர் விமானங்கள் உருவாகிப் பறந்தன. அமெரிக்க வடிவம், அமெரிக்க இன்ஜின். போர் நெருங்கவே, புதிதாகச் செய்வது ஓரங்கட்டப்பட்டு, ஆலை நேச நாட்டு விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாக மாறியது.

அதே பெங்களூருக்கு 1956-இல் குர்ட் டாங்க் வந்தார். உலகப் போரில் ஜெர்மனிக்காக ‘ஃபோக்கே-வுல்ஃப் 190’ விமானத்தை உருவாக்கியவர். இந்தியப் பொறியாளர்களோடு சேர்ந்து அவர் வடிவமைத்ததுதான் ‘மருத்’, ஆசியாவின் முதல் சொந்த ஜெட் போர் விமானங்களில் ஒன்று. முதலில் அதே அளவில் மரத்தால் ஒரு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் அசல் மருத்தை ஓட்டினார். ஒலியைப்போல இருமடங்கு வேகம் என்பது இலக்கு.

அந்த வேகத்துக்கு நம்பியிருந்தது பிரிட்டனின் ‘ஆர்ஃபியஸ் 12’ இன்ஜினை. அதை மேம்படுத்தும் செலவை இந்தியா ஏற்றால்தான் வேலை தொடரும் என்ற நிலை வந்தது. இந்திய அரசு பணம் தர மறுத்தது. அந்த இன்ஜின் திட்டமே கைவிடப்பட்டது. இருக்கிற சிறிய ‘ஆர்ஃபியஸ் 703’ இன்ஜின் இரண்டை வைத்து மருத்தைப் பறக்கவிட்டார்கள். ஒலியின் வேகத்தை எட்டிப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. எகிப்து உருவாக்கிவந்த இன்ஜினைப் பொருத்திப் பார்க்க ஒரு மருத் அங்கேயும் போனது, அதுவும் கைகூடவில்லை. கோடியக்கரையில் பருவத்துக்கு வந்து தங்கும் மீனவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், பெரிய படகில் சின்ன இன்ஜினை மாட்டிக்கொண்டு வாடைக்காற்றை எதிர்த்துப் போனால் என்ன ஆகும் என்று. எரிபொருளைக் கூடுதலாக எரித்து மருத்தின் உந்துவிசையைக் கூட்டும் முயற்சியில் 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸே உயிரிழந்தார். பெங்களூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அதில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

இவ்வளவு குறையோடும் அந்த விமானம் 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் நின்று காட்டியது. உறுதியான உடல், ஒரு இன்ஜின் போனாலும் வீடு திரும்பும் வலு. எதிரி விமானத்தோடு மோதிய சண்டையில் ஒரு மருத்கூட வீழவில்லை. வானில் இழந்தவற்றைத் தரையிலிருந்து சுட்டே வீழ்த்தினார்கள். மொத்தம் 147 செய்தோம், 1990-இல் ஓய்வு கொடுத்தோம். செய்தவர்களின் கைப்பழக்கத்தையும் அத்தோடு அனுப்பிவைத்தோம் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். மருத்தின் வாரிசு என்று அடுத்த விமானம் தொடர்ந்து வந்திருந்தால் நம் இன்றைய போர் விமானமான தேஜஸ் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்காது.

தேஜஸுக்கென்று 1989-இல் சுமார் 383 கோடி ரூபாயில் தொடங்கிய இன்ஜினுக்கு நம் காவிரியின் பெயர். ஜெட் இன்ஜினின் உள்ளே சுழலும் டர்பைன் தகடுகளைத் தாக்கும் வாயு, அந்த உலோகமே உருகும் வெப்பத்தைத் தாண்டியது. தகடு முழுவதையும் ஒற்றைப் படிகமாக வார்க்க வேண்டும். உள்ளே மயிரிழைத் துளைகள் வழியே காற்றை ஓடவிட்டுக் குளிர்விக்க வேண்டும். தெரிந்த நாடுகள் அதைச் சொல்லித் தருவதில்லை. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்து, அங்கே தேஜஸுக்காக வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்களையே திருப்பி அனுப்பியது. காவிரி எடை கூடியது, உந்துவிசை குறைந்தது. 2008-இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது.

2018-இல் கோவை சூலூருக்கு வந்து சேர்ந்த தேஜஸ் படைப்பிரிவின் விமானங்களில் துணைக் கருவிகளை இயக்கும் கியர்பாக்ஸ் ஆவடியில் உருவானது. இன்ஜின் மட்டும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக். தேஜஸ் மார்க்-1ஏ விமானங்கள் 83-க்கு 2021-இல் ஒப்பந்தமானது. அவற்றுக்கான முதல் இன்ஜின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். முதல் விமானத்தை விமானப்படையிடம் ஒப்படைக்க வேண்டிய கெடுவே ஓராண்டு கடந்துவிட்டிருந்தது. 2020 ஜனவரியில் தஞ்சாவூர் தளத்தில் நிலைகொண்ட 222-ஆம் படைப்பிரிவின் சுகோய் போர் விமானங்கள் சில நிமிடங்களில் கோடியக்கரையைக் கடந்து கடலுக்குப் போய்விடும். நாசிக்கில் தயாராகும் விமானம், ஒடிஷாவின் கோராபுட்டில் செய்யும் இன்ஜின். வடிவமைப்பின் உரிமை இரண்டுக்கும் ரஷ்யாவிடம்.

காவிரியைத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அதில் பழகிய கைகள் இன்றும் இருக்கின்றன. ஆளில்லாப் போர் விமானத்துக்காக அதன் ஒரு வடிவம் தொடர்ந்து சோதிக்கப்படுகிறது. சோதனை நடப்பதோ ரஷ்யாவில். 2010 நவம்பரில் காவிரி முதன்முதலாக வானில் இயங்கியதும் மாஸ்கோவுக்கு அருகே, அவர்களுடைய ‘இல்யூஷின்-76’ விமானத்தின் இறக்கையில்தான். ஒரு இன்ஜினைத் திருத்திவிட்டு மறுபடி பறக்கவிட்டுப் பார்ப்பதற்கு வேறொரு நாட்டின் நாள்காட்டியில் இடம் கேட்டுக் காத்திருக்கிறோம். அவர்களே போரில் இருக்கும் காலத்தில் அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளும்? பறக்கும் சோதனைக்கூடமாக ஒரு பெரிய விமானம், உயரத்தின் குளிரையும் காற்றழுத்தத்தையும் தரையிலேயே உண்டாக்கும் ஒரு கூடம். அடுத்த இன்ஜினுக்கு எந்த நாட்டோடு கைகோத்தாலும் இந்த இரண்டும் இந்திய மண்ணில் முதலில் வர வேண்டும். ‘ஆர்ஃபியஸ் 12’க்கு மறுத்த பணத்தை இதற்கு மறுக்கக் கூடாது.