செய்தியும் மனக்கணக்கும்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கண்களை மூடிக்கொண்டு, 'பாலியல் வன்முறை' என்று மனத்துக்குள் சொல்லுங்கள். எழும் காட்சி எது? இரவு நேரம், ஆளில்லாத சாலை, முகமறியாத முரடன், கூச்சலிட்டுப் போராடும் பெண். உங்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான் தோன்றியிருக்கும்.

இந்தக் காட்சி எங்கிருந்து வந்தது? நம்மில் பலர் இத்தகைய குற்றத்தை நேரில் கண்டதில்லை. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் சினிமாவுமே நமக்கு அதை வரைந்து காட்டியிருக்கின்றன. அந்தப் படம் சரியானதுதானா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான பாலியல் வன்புணர்ச்சி வழக்குகள் 31,677. இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர், பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவரே. உறவினர், அண்டை வீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர், மணம் புரிவதாக வாக்களித்தவர் என்று பட்டியல் நீள்கிறது. முகமறியாத முரடன் இதில் சிறு பங்குதான்.

மனம் எண்ணும் விதம்

அப்படியானால் நம் மனக்கணக்கு ஏன் பிசகுகிறது? 1973-இல் ஆமாஸ் ட்வர்ஸ்கி, டேனியல் கானமன் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். ஒரு நிகழ்ச்சி எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று கேட்டால், நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கு எடுத்துக்காட்டுகள் எவ்வளவு எளிதாக நினைவுக்கு வருகின்றன என்றே பார்க்கிறோம். எளிதில் நினைவுக்கு வருவது அடிக்கடி நடப்பதாகத் தோன்றுகிறது.

1978-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நன்கு காட்டியது. அந்நாட்டில் எல்லா விபத்துகளிலும் இறப்போரைவிட, மூளை இரத்தக்குழாய் நோயால் இறப்போர் அப்போது ஏறக்குறைய இரு மடங்கு. ஆயினும், கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் விபத்தே அதிகம் என்றனர். விபத்து செய்தியாகிறது, நோயில் சாவது செய்தியாவதில்லை!

பாலியல் குற்றத்திலும் இதுவே நிகழ்கிறது. 2012 டிசம்பரில் டில்லிப் பேருந்தில் நடந்த கொடுமை பல வாரங்கள் முதல் பக்கத்தில் நின்றது. நிற்க வேண்டிய செய்திதான். ஆனால் வீட்டுக்குள் மாமன் செய்த குற்றம் நான்கு வரிச் செய்தியாகக்கூட வருவதில்லை. பல வேளைகளில் அது காவல் நிலையத்துக்கே போவதில்லை.

உறைந்து போகும் உடல்

'கூச்சலிட்டுப் போராடும் பெண்' என்ற பாதிப் படமும் பிழையானதே. அபாயத்தில் சிக்கிய உயிர் ஓடலாம், எதிர்க்கலாம். இரண்டும் இயலாதபோது அசைவற்று உறைந்தும் போகலாம். பல விலங்குகளில் காணப்படும் இயல்பு இது, மனிதருக்கும் உண்டு. சுவீடனில், வன்புணர்ச்சிக்கு ஆளாகிச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. அவர்களில் 70 சதவீதத்தினர் தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவு உறைந்து போயிருந்தனர். அசையாதிருந்தது சம்மதமன்று, உடலின் அனிச்சைச் செயல்.

இதை அறியாமையால் விளைந்த தீங்குக்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்தில் பாதிக்கப்பட்டாள். உயர்நீதிமன்றம் தண்டித்த காவலர் இருவரையும் 1978-இல் உச்சநீதிமன்றம் விடுவித்தது. அவள் உடலில் காயம் இல்லை என்பதும் காரணமாகக் காட்டப்பட்டது. 1979-இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் இதைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதினர். பத்திரிகைகள் அதைப் பேசின. பெண்கள் தெருவில் இறங்கினர். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதம் எனக் கொள்ளக்கூடாது என்ற விளக்கம் 2013-இல் சட்டத்தில் சேர்ந்தது. பத்திரிகை மனக்கணக்கைக் கெடுப்பதுபோல, திருத்தவும் வல்லது!

சொல் செய்யும் வேலை

தமிழ் ஏடுகள் நெடுங்காலம் எழுதிவந்த 'கற்பழிப்பு' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். குற்றம் செய்தவன் ஒருவன். 'அழிந்தது' என்று சொல்லப்படுவதோ அவளுடைய கற்பு! இழிவு அவள்மேல் ஏற்றப்படுகிறது. 'பாலியல் வன்கொடுமை' என்னும்போதுதான் வன்முறை கண்ணுக்குத் தெரிகிறது. 'இரவில் தனியாகச் சென்ற பெண்' என்று தொடங்கும் செய்தியும் இவ்வாறே: அவன் ஏன் செய்தான் என்ற கேள்வி மறைந்து, அவள் ஏன் போனாள் என்ற கேள்வி எழுகிறது.

பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதை 1983-ஆம் ஆண்டுத் திருத்தமே குற்றமாக்கியது. பெயர் மட்டுமன்று, அவரை அடையாளம் காட்டும் எந்த விவரமும் வெளிவரக்கூடாது என்று 2018-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

வாசகர்களே, இது வெறும் கணக்குப் பிழை அன்று. தெரிந்தவரால் தீங்குற்ற ஒரு சிறுமி, நம் மனத்திலுள்ள அதே படத்தைத்தான் தன் மனத்திலும் வைத்திருக்கிறாள். 'அவர் அந்நியர் இல்லையே, நான் கத்தவில்லையே' என்று தன்னையே ஐயுற்று வாய் மூடிவிடுகிறாள். வாய் திறந்தாலும், 'அவரா? இருக்காது!' என்கிறோம் நாம்.

ஆகவே, இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது அடிக்கடி நடப்பதா, அரிதாக நடப்பதா? குற்றவாளி செய்தியில் இருக்கிறானா, அவள் மட்டுமே இருக்கிறாளா? சொல்லாமல் விட்டது என்ன? உங்கள் வீட்டுக் குழந்தை ஏதேனும் சொல்ல வந்தால், முதலில் நம்பிக் கேளுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்னும் உதவி எண்களையும் குறித்து வையுங்கள்.