பெருவிரலுக்கு அடியில் இரண்டு குட்டி எலும்புகள்

செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதமும் தரையில் பதிய நில்லுங்கள். உங்கள் தோழரோ தோழியோ குனிந்து, ஒரு காலின் பெருவிரலை மட்டும் பிடித்து மெதுவாக மேலே தூக்கட்டும். பாதத்தின் உட்புறத்தைக் கவனியுங்கள். உள்ளங்கால் குழிவு இன்னும் கொஞ்சம் உயரும். அந்த இடத்தை யாரும் தொடவே இல்லை!

இதற்குக் காரணம், பெருவிரல் பாதத்தோடு சேரும் மூட்டு. மற்ற கால்விரல்களில் மூன்று மூன்று எலும்புகள். பெருவிரலில் இரண்டுதான், ஆனால் நல்ல தடிமனானவை. அவற்றில் பின்னால் இருக்கும் எலும்பின் முனை லேசாகக் குழிந்திருக்கும். பாதத்திலிருந்து வரும் நீண்ட எலும்பின் உருண்டைத் தலை அந்தக் குழியில் பொருந்தியிருக்கும்.

அந்தக் குழி ஆழமே இல்லை. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் அடங்கியிருப்பதால் எளிதில் நழுவாது. இங்கே எலும்பை மட்டும் நம்பினால், ஓடும்போதே விரல் இடம் மாறிவிடும். பிடித்து வைத்திருப்பது எது, தெரியுமா? இரு பக்கமும் இருக்கும் தசைநார்கள் விரலைப் பக்கவாட்டில் சாயவிடுவதில்லை. அடியில் ஒரு தடித்த நார்த்தகடு, விரல் அளவுக்கு மீறி மேலே வளையாமல் தடுக்கிறது. சிறு தசைகளின் நாண்களும் அங்கே வந்து சேர்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தவை, அந்த நாண்களுக்குள் பதிந்திருக்கும் இரண்டு குட்டி எலும்புகள். எள்ளெலும்புகள் என்று பெயர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் என்று படிப்பீர்களே, அந்தக் கணக்கில் இவை வருவதில்லை. ஆனால் நுனிக்காலில் நிற்கும்போது உடலின் பாரம் நாண்களை நசுக்கிவிடாமல் இவைதான் தாங்குகின்றன. பெருவிரலை மடக்கும் நீண்ட நாண் இவை இரண்டுக்கும் நடுவே பத்திரமாகப் போகிறது. தசையின் இழுவிசைக்கும் இவை வலுக் கூட்டுகின்றன. முழங்கால் சில்லும் இதே வகைதான்; உடம்பிலேயே மிகப் பெரிய எள்ளெலும்பு அது.

சரி, குழிவு ஏன் உயர்ந்தது? குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை வலுவான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பெருவிரல் மேலே வளைந்ததும், கிணற்று ராட்டினத்தில் கயிறு வளைந்து இழுபடுவதுபோல், அது எலும்பின் தலையைச் சுற்றி இழுபடும். பட்டை அதிகம் நீளாது. அதனால் குதிகாலும் விரலடியும் நெருங்க, நடுப்பாதம் எழும்புகிறது. ஜே. எச். ஹிக்ஸ் என்பவர் 1954-ல் இதை விளக்கினார். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் இதுவே நடக்கிறது. தளர்ந்திருந்த பாதம் இறுகி, நம்மை முன்னே உந்துகிறது.

விரல் தரையில் ஊன்றி, குதிகால் தூக்கியிருக்கும் நேரத்தில் வேறொருவர் அதன்மேல் விழுந்தால்? விரல் எல்லை மீறி வளைந்து அடித்தகடு கிழியும். செயற்கைப் புல்தரையில் மெல்லிய ஷூ அணிந்து ஆடிய அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் பலர் இப்படிக் காயமடைந்தார்கள். 1976-ல் மருத்துவர்கள் இதற்குப் ‘புல்தரை விரல்’ என்றே பெயர் வைத்தார்கள். தகடு ஆறும்வரை விரலை ஊன்றி ஓட முடியாது.

அடுத்த முறை ஷூ வாங்கும்போது, போட்டுக்கொண்டு நுனிக்காலில் நின்று பாருங்கள். ஷூ வளையும் இடம் பெருவிரல் மூட்டுக்கு நேராக இருக்க வேண்டும். முன்பக்கம் குறுகி, பெருவிரலை மற்ற விரல்களின் பக்கம் தள்ளுகிறதா? அப்படியானால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.